பழைய வண்டி, படுத்த பேட்டரி

வீரசோழன் வாரச்சந்தைக்கு ஆடு ஏற்றி வரும் வண்டிகளுக்கு நடுவே இன்னொரு வகை வண்டியும் நிற்கும். பின்பக்கம் தகரக் கூடு அடித்து, உள்ளே பலகை வைத்து, பாத்திரமோ போர்வையோ பிளாஸ்டிக் சாமானோ அடுக்கியிருப்பார்கள். எல்இடி பட்டை விளக்கு, ஒரு டிசி ஃபேன், விலை கூவுவதற்கு ஆம்ப்ளிஃபயர், மூலையில் சின்ன இன்வெர்ட்டர். சந்தை கலைந்ததும் வண்டி நரிக்குடிக்கோ அபிராமத்துக்கோ கமுதிக்கோ கிளம்பிவிடும். பாதி ராத்திரி படுக்கையும் அதற்குள்தான். ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய்த் தங்குவதற்கும் அதே வண்டிதான்.

வெளிநாட்டில் காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் நடமாடும் வீடு உண்டு, கேரவன் என்பார்கள். சென்னையில் கேரவன் என்றால் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. திருச்சுழிப் பக்கம் அந்த இடத்தில் இருப்பது இரண்டு மூன்று கை மாறி வந்த குட்டியானை. 2005-இல் டாடா ஏஸ் என்ற பெயரில் வந்ததிலிருந்து அது சிறு வியாபாரிகளின் கைவண்டி மாதிரியே ஆகிவிட்டது. பழைய வண்டி வாங்கினால் என்ஜினையும் டயரையும் பார்த்து வாங்குகிறோம். முன்னால் வைத்திருந்தவர் பின்கூட்டில் இழுத்து வைத்திருக்கும் ஒயர்களை யாரும் பார்ப்பதில்லை. வாங்கின முதல் வாரமே எட்டு மணிக்கு விளக்கு மங்கும்.

"அண்ணாச்சி, பேட்டரி செத்துருச்சு, புதுசு போட்ருங்க" என்பார் கடைத் தம்பி. போட்டுவிடாதீர்கள். பேட்டரி மேல் வரும் புகார்களில் நிறையவே பேட்டரியால் வருவதில்லை. கீழே உள்ள வரிசையில் பார்த்து வந்தால், பணம் செலவாவதற்கு முன்பே பழுது எங்கே என்று தெரிந்துவிடும். இதில் பலவும் வீட்டு இன்வெர்ட்டருக்கும் பொருந்தும்.

1. முதலில் வண்டியில் எத்தனை பேட்டரி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்றுதான் என்றால், செல்ஃப் எடுக்கும் பேட்டரியிலிருந்தே விளக்கும் ஃபேனும் ஓடுகின்றன என்று அர்த்தம். நோய் அங்கேயே தெரிந்துவிட்டது. செல்ஃப் எடுக்கும் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். சில நொடிகள் பெரும் மின்சாரம் கொடுத்துவிட்டு, உடனே மறுபடி நிரம்புவதற்காகச் செய்தது அது. ராத்திரி முழுக்க ஃபேன் ஓட்டி அடிமட்டம் வரை இறக்கினால் சில மாதத்திலேயே படுத்துவிடும். மெதுவாக இறங்கி மெதுவாக ஏறுவதற்கென்று இருப்பது டியூபுலர் பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே, அந்த உயரமான வகை. பின்கூட்டுச் சாமான்களுக்குத் தனியாக ஒரு டியூபுலர் வைத்தே ஆக வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் அதையே வைக்கலாம். 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் ஒன்று 50 கிலோவுக்கு மேல் கனக்கும். அச்சுக்குப் பக்கத்தில், கோண இரும்புச் சட்டத்துக்குள் வைத்து இறுகக் கட்டுங்கள்.

2. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக் கொள்ளுங்கள். அருப்புக்கோட்டை எலெக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே போதும். குமிழை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட்டால் கணக்கு வந்துவிடும். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினால் முழுதாக நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான். 11.8-க்குக் கீழே போனால் காலி. முழுக்கவும் 12 வோல்ட் காட்டுகிறதே என்று சந்தோஷப்படுபவர்கள் அதிகம். அது முக்கால்வாசி தீர்ந்துபோன பேட்டரி.

3. எப்போது அளக்கிறீர்கள் என்பது முக்கியம். வண்டியை ஓட்டி வந்து நிறுத்திய கையோடு அளந்தால் 13 வோல்ட் கூடக் காட்டும். அது மேலோட்டமான சார்ஜ், நம்ப முடியாது. ராத்திரி எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, விடிந்ததும் செல்ஃப் எடுப்பதற்கு முன் அளக்க வேண்டும். அந்த எண்ணை கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். வாரத்துக்கு வாரம் அந்த எண் எப்படி இறங்குகிறது என்பது எந்த மெக்கானிக்கை விடவும் நன்றாக உங்களுக்குச் சொல்லும்.

4. ஓய்வில் 12.6 காட்டுகிற பேட்டரியும் வேலை கொடுத்ததும் சுருண்டுவிடலாம். பின்கூட்டில் உள்ள எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள். 12-க்கு மேலேயே நின்றால் பேட்டரி பிழைத்தது. போட்டவுடன் 11-க்குப் பக்கத்தில் விழுந்து, அணைத்தவுடன் மறுபடி 12.5-க்கு எகிறினால் உள்ளே தகடு தளர்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டும் 10.5 வோல்ட்டிலேயே நின்றால் ஆறு அறைகளில் ஓர் அறை இறந்துவிட்டது. ஒவ்வோர் அறைக்கும் 2.1 வோல்ட், கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். அதைச் சரிசெய்யலாம் என்று யார் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள்.

செல்ஃப் பேட்டரிக்கு வேறு சோதனை. ஒருவர் செல்ஃப் எடுக்க, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த நொடிகளில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

5. மீட்டரில் பேட்டரி நன்றாக இருக்கிறது, விளக்கு மட்டும் மங்குகிறது என்றால் டெர்மினலைத் திறந்து பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள், பிறகுதான் பிளஸ். மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டு நெருப்புப் பறக்கும். அடுப்படியில் இருக்கும் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக் கரைந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை உரசுங்கள். சோடாத் தண்ணீர் அறைக்குள் இறங்கிவிடாமல் மூடிகளை இறுக்கி வைத்திருக்க வேண்டும், ஆசிட்டை அது முறித்துவிடும். இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். சிலர் மாட்டுவதற்கு முன்பே உள்ளே கிரீஸ் பூசுகிறார்கள், அது வேண்டாம்.

6. அடுத்துப் பார்க்க வேண்டியது எர்த். பின்கூட்டு விளக்குகளின் மைனஸ் ஒயரைத் தகரத்தில் ஒரு திருகு போட்டு முடித்திருப்பார்கள். வண்டிக்குப் பெயிண்ட் அடித்தபோது அதன் மேலேயும் அடித்திருப்பார்கள். கொஞ்சம் துருவும் ஏறியிருக்கும். ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று மினுக்குவது, குழியில் வண்டி குதித்தால் ஃபேன் நிற்பது, ஆம்ப்ளிஃபயரில் கொர்ரென்ற இரைச்சல், இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை விளக்கின் மைனஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ தடை. தகரத்தை நம்பாமல் பேட்டரி மைனஸிலிருந்தே ஒரு தனி ஒயர் இழுத்துவிட்டால் தொல்லை ஒழிந்தது.

7. ஒயரின் கனத்தைப் பாருங்கள். வீட்டு 230 வோல்ட்டுக்குப் போதுமான ஒயர் 12 வோல்ட்டுக்குப் போதாது. இது பலருக்கும் புதிராகவே இருக்கிறது. வாட் ஒன்றாகவே இருந்தாலும் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடும், ஆம்பியர் கூடினால் ஒயரில் இழப்பு கூடும். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி 10 ஆம்பியர் இழுக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். போக வர 10 மீட்டர் செம்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் சுமார் 0.7 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் 0.3 வோல்ட்டுக்குள் நிற்கும். 12.2-இல் இருக்கும் பேட்டரி, கடைக்கோடி விளக்குக்கு 11.5 ஆகப் போய்ச் சேர்வது இப்படித்தான். அதிலும் மணி விளக்குச் சரம் கட்டுகிற மெல்லிய ஒயரால் இன்வெர்ட்டருக்கு இணைப்புக் கொடுத்திருக்கும் வண்டிகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஒயரைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அது கனம் போதாத ஒயர்.

8. பியூஸ் இருந்த இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கிறதா? உடனே எடுங்கள். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் சரியான பியூஸ் இருக்க வேண்டும். அங்கிருந்து போகும் ஒயர் தாங்கும் ஆம்பியருக்கு மேல் பியூஸ் போகக் கூடாது. விளக்கு, ஃபேன், ஆம்ப்ளிஃபயர் மூன்றுக்கும் தனித்தனிப் பியூஸ் வைத்தால் எது பழுது என்பது தானாகவே தெரியும். பியூஸ் அடிக்கடி போகிறது என்றால் பெரிய பியூஸ் போடுவது பரிகாரம் இல்லை. ஒயர் எங்கோ உரசுகிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. மல்லி மூட்டையும் நிலக்கடலையும் ஏற்றும் வண்டியில் எலி இல்லாமல் இருக்காது. ஒயர்களைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு எடுப்பது ஒருநாள் வேலை.

9. என்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா? வண்டியை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பேட்டரியில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட்டுக்குள் வர வேண்டும். 12.5-இலேயே நின்றால் ஆல்டர்னேட்டரோ பெல்ட்டோ ரெகுலேட்டரோ பழுது. 14.8-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றும், மூடி வழியாக அழுகிய முட்டை நாற்றம் வரும். இதைக் கவனிக்காமல் புதுப் பேட்டரி போட்டால் அதுவும் அதே வழியில் போகும். தண்ணீர் அடிக்கடி வற்றுகிறது என்று பேட்டரிக் கம்பெனியைத் திட்டுபவர்கள் முதலில் இந்த அளவைப் பார்க்கட்டும்.

10. என்ஜின் ஓடினால் பின்பேட்டரியும் நிரம்பிவிடும் என்று நினைக்காதீர்கள். சந்தையில் ஒருநாள் முழுக்க ஓட்டி 50 ஏஹெச் இறக்கிவிட்டீர்கள். வீரசோழனிலிருந்து நரிக்குடி வரை அரை மணி நேரம் வண்டி ஓட்டினால், நல்ல ஒயர் இருந்தாலும் 10 ஏஹெச் ஏறுவதே பெரிது. மதுரை போய் வருகிற நாளில் வேண்டுமானால் நிறையும். ஆகவே வாரத்தில் ஒரு ராத்திரியாவது வீட்டில் சார்ஜர் போட்டு முழுக்க நிரப்ப வேண்டும். சார்ஜர் ஆம்பியர் ஏஹெச்சில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் நல்லது. 150 ஏஹெச்சுக்கு 15 ஆம்பியர். வேகமாக ஏற்றுகிறேன் என்று கடையில் 40 ஆம்பியர் கொடுத்தால் பேட்டரி சூடேறும், ஆயுளும் குறையும்.

11. இரண்டு பேட்டரியையும் ஒரே ஒயரில் நேராகக் கட்டியிருந்தால், ராத்திரி ஃபேன் ஓடும்போது செல்ஃப் பேட்டரியும் சேர்ந்து இறங்கும். காலையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். நடுவில் ஓர் ஐசோலேட்டர் ரிலே போடுங்கள். என்ஜின் ஓடி வோல்ட் ஏறியதும் இரண்டையும் சேர்க்கும், என்ஜின் நின்று வோல்ட் இறங்கியதும் பிரித்துவிடும். காசு இல்லை என்றால் கையால் திருப்பும் பெரிய ஐசோலேட்டர் ஸ்விட்ச் ஒன்று போதும், திருப்ப மறக்காமல் இருக்கிற ஆளாக இருந்தால்.

12. தண்ணீர். இந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரின் சுவை எல்லோருக்கும் தெரியும். அதைப் பேட்டரியில் ஊற்றினால் உப்பும் இரும்பும் தகட்டில் படிந்து, சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் இறங்கிவிடும். கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் கூட வேண்டாம், அவற்றிலும் உப்பு மிச்சம் இருக்கும். மெடிக்கல் கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். குழாயின் தூசியும் செம்புக் கறையும் அதில் கலந்திருக்கும் என்பதால் அதையும் விட்டுவிடலாம்.

சித்திரை, வைகாசியில் மாதம் ஒருமுறை அளவு பாருங்கள். தகடு மூழ்கி, அதற்கு மேல் அரை அங்குலம் நின்றால் போதும். சார்ஜ் ஏற்றிய பிறகுதான் நிரப்ப வேண்டும், முன்பே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும். தகடே வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், மூழ்கும் வரை கொஞ்சம் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். ஆசிட் ஊற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வற்றுவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

13. ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக் கொண்டால் பேட்டரியின் உள்விவகாரம் தெரியும். ரப்பர் குமிழை அழுத்தி ஒவ்வோர் அறையிலிருந்தும் ஆசிட்டை உறிஞ்சிப் பார்க்க வேண்டும். நம் ஊர் டியூபுலர் பேட்டரிகளில் முழு சார்ஜில், 27 டிகிரி வெப்பத்தில், 1240 என்று மிதவை நிற்கும். 1180 பக்கம் என்றால் பாதி. மொத்தத்தில் எவ்வளவு என்பதைவிட ஆறு அறைகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதையே பாருங்கள். ஐந்து அறை 1230, ஓர் அறை 1150 என்றால் அந்த ஓர் அறைதான் மொத்தப் பேட்டரியையும் இழுத்து விழ வைக்கிறது. பழைய பேட்டரி விலைக்கு வாங்கப் போகிறவர்கள் இந்தக் கருவியோடுதான் போக வேண்டும். மேலே புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் ஆசிட் பொய் சொல்லாது.

14. ஒன்றும் ஓடாமலே ராத்திரியில் சார்ஜ் இறங்குகிறதா? எங்கோ ஒழுகுகிறது. எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் குழியில் மாற்றி, கழற்றிய ஒயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே வையுங்கள். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் காட்டினால் ஒருநாளைக்கு 12 ஏஹெச் போகிறது. 100 ஏஹெச் பேட்டரி நான்கே நாளில் பாதி. ஒவ்வொரு பியூஸாகக் கழற்றிப் பாருங்கள், எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்தக் கிளையில்தான் குற்றவாளி. பெரும்பாலும் சும்மா ஆன் ஆகிக் கிடக்கும் இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபயர், அல்லது சாவியோடு இணைக்காமல் நேரே கொடுத்த செல்போன் சார்ஜர் முனை. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் மட்டும் எடுத்துவிடாதீர்கள், மீட்டர் கருகிவிடும்.

15. செலவுக் கணக்கு போட்டுப் பாருங்கள், பாதி மர்மம் அதிலேயே தீரும். 20 வாட் விளக்கு 6 மணி நேரம் என்றால் 120. 15 வாட் டிசி ஃபேன் 8 மணி நேரம் என்றால் 120. ஆம்ப்ளிஃபயர் சராசரி 30 வாட், 4 மணி நேரம், அதுவும் 120. கூட்டி 12-ஆல் வகுத்தால் 30 ஏஹெச். புது 150 ஏஹெச் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் வைத்திருந்தால் இரண்டரை நாள் தாங்கும். குட்டியானையின் செல்ஃப் பேட்டரி பொதுவாக 50 ஏஹெச்சுக்குள்தான், அதில் ஒரே ராத்திரியில் பாதிக்கு மேல் போய்விடும். பேட்டரி மேல் எழுதியிருக்கும் ஏஹெச், 20 மணி நேரத்தில் மெதுவாக இறக்கினால் கிடைக்கும் அளவு. அவசரமாக இழுத்தால் அவ்வளவு கிடைக்காது.

16. இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தி நிற்பதற்குப் பேட்டரி காரணமாக இருக்க வேண்டியதில்லை. 500 வாட் மிக்ஸியை ஓட்டினால் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து 50 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒயரும் டெர்மினலும் சரியில்லாவிட்டால் அங்கே வோல்ட் விழுந்து, பேட்டரி தீர்ந்துவிட்டதாக இன்வெர்ட்டர் நினைத்துக் கொள்ளும். மிக்ஸியைப் போட்ட நொடியில் பேட்டரி முனையில் ஒரு தடவை, இன்வெர்ட்டர் முனையில் ஒரு தடவை அளந்தால் எது பொய் என்று தெரியும். இன்னொன்று. டிசி ஃபேன் கிடைக்கும்போது ஏசி ஃபேனை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவது வீண். 12-ஐ 230 ஆக்கும்போதே ஒரு பங்கு சூடாகப் போய்விடுகிறது.

17. வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்தக் கரிசலில் பேட்டரியைக் கொல்வதில் அதற்குத்தான் முதலிடம். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. மே மாதம் தகரக் கூட்டுக்குள் பகலில் எவ்வளவு சூடு இருக்கும் என்று கை வைத்தாலே தெரியும். பேட்டரியை வண்டித் தரைக்குக் கீழே, காற்றுப் படும் இடத்தில் வைக்க முடிந்தால் வையுங்கள். என்ஜின் பக்கமும் சைலன்சர் பக்கமும் வேண்டாம். கூட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் மேலே கீழே காற்றுத் துளை விட்ட பெட்டி செய்து, கூரையில் வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். நிழலில் ஆடு படுத்திருக்கும் இடம் பார்த்து வண்டியை நிறுத்தக் கற்றுக்கொண்ட வியாபாரிகள் உண்டு. சூடான பேட்டரிக்குக் கொஞ்சம் குறைந்த வோல்ட்டில்தான் சார்ஜ் கொடுக்க வேண்டும், அதனால் வெப்பத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக் கொள்ளும் சார்ஜர் கிடைத்தால் கோடையில் தண்ணீர் வற்றுவது குறையும்.

18. அதே வெயிலை வேலைக்கும் வைக்கலாம். பக்கத்திலேயே கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தார்கள், அப்போது ஒரே இடத்தில் அமைந்ததில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. வண்டிக் கூரைக்கு 150 வாட் பேனல் ஒன்று போதும். 100 வாட் பேனல் உச்சி வெயிலில் ஐந்து ஆம்பியர் சொச்சம் தரும், நல்ல நாளில் மொத்தமாக 25 ஏஹெச் எதிர்பார்க்கலாம். மேலே போட்ட 30 ஏஹெச் கணக்குக்கு 150 வாட் சரியாக வரும்.

பேனல் போட்டும் சார்ஜ் ஏறவில்லை என்றால் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது புழுதி. சந்தைத் திடலில் ஒருநாள் நின்றாலே ஒரு படலம் ஏறிவிடும், அதிகாலையில் ஈரத் துணியால் துடையுங்கள். மதியம் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். இரண்டாவது நிழல். வேப்பமரக் கிளையின் நிழல் பேனலின் ஓர் ஓரத்தில் விழுந்தாலே மொத்த மின்சாரமும் பாதிக்கு மேல் குறையும். ஆள் நிழலில் இருந்துகொண்டு பேனல் வெயிலில் இருக்க வேண்டும் என்பது கூரைப் பேனலில் நடக்காத காரியம், மடித்து வெளியே சாய்த்து வைக்கிற பேனல்தான் வியாபாரிக்குத் தோது. மூன்றாவது, தகரத்தோடு ஒட்டப் பதித்தது. பேனல் 65 டிகிரி சூடேறினால் உற்பத்தி ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும். நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். சார்ஜ் கன்ட்ரோலரில் பேட்டரியை முதலில் இணைத்து, பிறகு பேனல். கழற்றும்போது பேனல் முதலில்.

19. மழைக்காலத்தில் வியாபாரம் இல்லாமல் வண்டியை ஓரம் கட்டுகிறீர்களா? பேட்டரியை முழுக்க நிரப்பி, மைனஸைக் கழற்றி வையுங்கள். பாதிச் சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் உப்புக் கல்லாக இறுகிவிடும், அப்புறம் சார்ஜர் போட்டால் உடனே நிறைந்ததாகக் காட்டி உடனே தீரும். கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது என்றால் சிறு ஆம்பியரில் ஓரிரு நாள் தொடர்ந்து சார்ஜ் போட்டு, அவ்வப்போது சூடு பார்த்தால் ஓரளவு மீளும். மாயத் தூள், மாயத் திரவம் என்று விற்பதையெல்லாம் தள்ளுங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது மரப்பெட்டிப் பேட்டரி காலத்துப் பேச்சு, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை.

20. வாங்கிய வண்டியில் லித்தியம் பேட்டரி இருந்தால் மேலே சொன்ன வோல்ட் கணக்கை அதற்குப் போடாதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை 13 வோல்ட்டுக்கு மேலேயே நெடுநேரம் நின்று, கடைசியில் சட்டென்று விழும். மீட்டர் பூஜ்யம் காட்டினால் செத்ததாக முடிவு கட்ட வேண்டாம், உள்ளே உள்ள பாதுகாப்புப் பலகை தன்னை அணைத்துக் கொண்டிருக்கலாம், அதற்கேற்ற சார்ஜரை இணைத்தால் விழித்துக் கொள்ளும். ஈய பேட்டரி சார்ஜரை அப்படியே போடக் கூடாது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகத்தில், சிக்ரி என்றால் எல்லோருக்கும் தெரியும், லித்தியம் ஆராய்ச்சி நெடுங்காலமாக நடக்கிறது. ஆனாலும் நம் சந்தை வண்டிகளில் 1859-இல் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த ஈயமும் ஆசிட்டும்தான் இன்றுவரை ஓடுகின்றன. விலை குறைவு, எந்த ஊரிலும் பழுது பார்க்க ஆள் உண்டு. இப்போதைக்கு அதுவே போதும் என்பது என் கட்சி.

21. புதுசே வாங்குவது என்று முடிவானால் கடையில் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். பெட்டி மேல் எழுத்தும் எண்ணுமாகப் பொறித்திருப்பார்கள், கம்பெனிக்குக் கம்பெனி முறை மாறும், படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் கடையில் கிடந்தது வேண்டாம். வாரண்டி அட்டையில் முத்திரையும் தேதியும் அங்கேயே போட்டு வாங்குங்கள். வண்டியில் வைத்தால் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் வாரண்டி செல்லுமா என்றும் கேட்டுவிடுங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் கழியுங்கள். 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகளின்படி தீர்ந்த பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பவர்களுக்கு உண்டு. தெருவில் வரும் பழைய இரும்பு வண்டிக்குப் போட்டால், எங்கோ திறந்த வெளியில் ஆசிட்டைக் கொட்டி ஈயத்தை உருக்குவார்கள். அந்தப் புகை குழந்தைகளின் மூளைக்குத்தான் முதலில் கெடுதல்.

22. பேட்டரி வேலை பார்க்கும்போது பீடி, சிகரெட் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், மூடிய கூட்டுக்குள் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும். பேட்டரி கூட்டுக்குள் இருக்கிறது என்றால், அதற்குச் சார்ஜ் போட்டுக்கொண்டே கதவைச் சாத்திப் படுக்காதீர்கள். மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றிவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால் வேறு எதையும் போடாமல் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்காகவே ஒரு ஐந்து லிட்டர் கேன் தண்ணீர் வண்டியில் எப்போதும் இருக்கட்டும்.